வட்டக்கானல்–வெள்ளகவி–கும்பக்கரை: மழை எச்சரிக்கை வந்தபின் திட்டத்தில் எதை மாற்றுவது?

கேள்வி இதுதான். மதுரையிலிருந்து ஆறு பேர். நவம்பர் மூன்றாம் வார சனிக்கிழமை கொடைக்கானல் வட்டக்கானலில் தொடங்கி, டால்பின் நோஸ் பாறை, வெள்ளகவி மலைக்கிராமம் வழியாக, பெரியகுளம் பக்க அடிவாரத்தில் இருக்கும் கும்பக்கரைக்கு ஒரே நாளில் இறங்கிவிடுவதாகத் திட்டம். புதன்கிழமை பார்த்தால் திண்டுக்கல், தேனி இரண்டு மாவட்டத்துக்கும் ஆரஞ்சு எச்சரிக்கை. பாதிப் பேர் "மழையில நனையத்தானே போறோம்" என்கிறார்கள், மீதிப் பேர் மொத்தமாக ரத்து செய்யச் சொல்கிறார்கள். நடுவில் ஏதாவது வழி உண்டா?

உண்டு. ஆனால் இரண்டு தரப்புமே மேலே விழுகிற மழையைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். எனக்குக் கவலை அதில் இல்லை, நீங்கள் போட்டிருக்கும் பாதையின் கடைசிப் பகுதியில்தான்.

வட்டக்கானலிலிருந்து கும்பக்கரை வரை 1,500 மீட்டருக்கு மேல் இறக்கம். காலையில் உச்சியில் இருப்பீர்கள். அங்கே ஓடைகள் தாண்டுகிற அளவில்தான் இருக்கும், பலதும் வெறும் ஈரக்கசிவு. இறங்க இறங்க அவை ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டே வரும். அடிவாரத்தை நெருங்கும்போது மலையின் பாதித் தண்ணீர் உங்கள் முன்னால் ஓடும். அப்போது மணி மூன்று, நான்கு ஆகியிருக்கும். மலையில் இடிமழை கட்டுகிற நேரமும் அதுதான். ஆக, ஆகப் பெரிய ஓடையை ஆகக் களைத்த நேரத்தில், ஆக மோசமான வேளையில் கடக்க வேண்டியிருக்கும். கடக்க முடியாவிட்டால் திரும்பி ஏறவும் தெம்பு இருக்காது, வெளிச்சமும் இருக்காது. கொடைக்கானலில் நவம்பரில் ஆறு மணி வாக்கில் சூரியன் மறைகிறது. மூடுபனியும் மரநிழலும் சேர்ந்தால் சோலைக்குள் ஐந்துக்கே இருட்டு.

ஏறிப்போகிற பாதையில் இந்தச் சிக்கல் தலைகீழ். பெரிய ஓடை முதலிலேயே வந்துவிடும், காலையிலேயே பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம். இறங்கிப்போகிற ஒருவழிப் பாதையில் அந்த வசதி கிடையாது. எனவே மழைக்காலத்தில் முதலில் வெட்ட வேண்டியது வெள்ளகவிக்குக் கீழே உள்ள பகுதி. கும்பக்கரை அருவியில் நீர்வரத்து கூடினால் வனத்துறை குளிக்கத் தடை போடும் செய்தியை ஆண்டுதோறும் படிக்கிறோம். பெரியகுளத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தடை வருவதும் உண்டு. கும்பக்கரைக்கு வருவது கொடைக்கானல் மலையில் பெய்த தண்ணீர், அதற்குப் பெரியகுளத்து வானத்தைப் பற்றிக் கவலை இல்லை.

எச்சரிக்கையைப் படிக்கிற விதத்துக்கு வருவோம். ஆரஞ்சு என்றதும் ஒரு தரப்பு பயப்படுகிறது, இன்னொரு தரப்பு "போன வாரமும் ஆரஞ்சுன்னாங்க, ஒரு சொட்டு விழல" என்கிறது. வானிலை ஆய்வு மையத்தின் வார்த்தைகளுக்கு அளவு உண்டு. கனமழை என்றால் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 7 முதல் 11 சென்டிமீட்டர். மிக கனமழை 12 முதல் 20 வரை, ஆரஞ்சு பெரும்பாலும் இதற்குத்தான். அதற்கு மேல் அதி கனமழை. "ஓரிரு இடங்களில்" என்றால் மாவட்டத்து மழைமானி நிலையங்களில் கால்வாசிக்குள் என்று பொருள். போன வாரம் மதுரையிலோ தேனி ஊருக்குள்ளோ பெய்யாமல் போயிருக்கலாம். ஆனால் அந்தக் கால்வாசி எங்கே விழும் என்று கேட்டால், கீழைக்காற்று வந்து முட்டுகிற மலைச்சரிவில் விழ வாய்ப்பு அதிகம். வட்டக்கானலுக்குக் கீழே உள்ள சரிவு தெற்கும் தென்கிழக்கும் பார்த்தது. வடகிழக்குப் பருவமழையில் அது ஈரமான பக்கம்.

இன்னொன்று, "15-ம் தேதி மழை அளவு" என்று பட்டியலில் வருவது 14-ம் தேதி காலை 8.30 முதல் 15-ம் தேதி காலை 8.30 வரை பெய்தது. வெள்ளிக்கிழமை மழையைச் சனிக்கிழமைப் பட்டியலில்தான் பார்ப்பீர்கள். கைப்பேசிச் செயலி மணிக்கு மணி "40 சதவீதம்" என்று காட்டுவதை நம்பி நேரத்தைக் குறிக்க வேண்டாம். அவற்றில் பலவும் பத்து, இருபது கிலோமீட்டர் சதுரமாக நாட்டைப் பிரித்துக் கணக்குப் போடுபவை. பெரியகுளமும் வட்டக்கானலும் ஒரே கட்டத்துக்குள் விழுந்துவிட்டால் அந்தச் செயலிக்கு மலையே இல்லை. சோதித்துப் பார்க்க எளிய வழி: வட்டக்கானலுக்கு அது பகல் வெப்பம் 28, 30 டிகிரி என்று காட்டினால் அது சமவெளிக் கணக்கு, மழையையும் அப்படித்தான் சொல்லும். மையத்தின் மூன்று மணி நேர முன்னறிவிப்பும் செயற்கைக்கோள் மேகப்படமும் கிளம்புகிற காலையில் இதைவிட உதவும். காரைக்கால், கொச்சி ரேடார் படங்களையும் பார்க்கலாம், ஆனால் மலைமறைவில் அவை சொல்லாமல் விடுவதும் உண்டு.

ஆரஞ்சு எதனால் என்பதையும் பாருங்கள். பிற்பகல் இடிமழை வரும் வகை என்றால் காலை நேரம் பெரும்பாலும் கைவசம் இருக்கும். காற்றழுத்தத் தாழ்வு மண்டலமோ புயலோ உள்நாட்டுக்குள் நுழைந்து மேற்கே போகிறது என்றால் பேச்சே வேண்டாம், ரத்து. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா, அன்றைக்கே திண்டுக்கல் வழியாக மலையைத் தாண்டிக் கேரளத்துக்குப் போனது. கொடைக்கானலில் மரங்கள் சாய்ந்து சாலைகள் அடைபட்டன. நாகப்பட்டினத்துப் புயல் நமக்கு எதற்கு என்று அந்த வாரம் நினைத்தவர்கள் நிறைய.

இனி மாற்று வழிகள்.

எனக்குப் பிடித்தது வெள்ளகவி வரை போய் அதே வழியில் வட்டக்கானலுக்கே திரும்புவது. போகும்போது பார்த்த பாதை என்பதால் திரும்பும்போது எங்கே வழுக்கும், எந்த ஓடை வீங்கும் என்று தெரிந்திருக்கும். திரும்புவது ஏற்றம், மூச்சு வாங்கும். ஆனால் ஈரப்பாதையில் ஏறுவதைவிட இறங்கும்போதுதான் கால் அதிகம் சறுக்கும், முழங்காலும் அதிகம் அடிவாங்கும். வெள்ளகவிக்குச் சாலை கிடையாது. அந்த ஊர்க்காரர்கள் அரிசி மூட்டையோடு நடக்கிற பாதை இது. யூரியாச் சாக்கின் ஒரு மூலையை உள்ளே தள்ளி மடித்து, தலையில் கவிழ்த்துக்கொண்டு, பிசைந்த கோதுமை மாவு போல வழுக்குகிற மண்ணில் வெறுங்காலோடு அவர்கள் போவதைப் பார்த்தால் நம் மூவாயிரம் ரூபாய் ஷூவுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை, நீங்களும் ஊர் எல்லையில் கழற்ற வேண்டியிருக்கும். ஈரச் சாக்ஸை உருட்டிக் கழற்றும்போது உள்ளே எத்தனை அட்டைப்பூச்சி என்று எண்ணிக்கொள்ளலாம்.

அதுவும் அதிகம் என்று தோன்றினால் டால்பின் நோஸ் வரை போய்த் திரும்புங்கள். ஒன்று மட்டும்: அது வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற மொட்டைப் பாறை. இடிச் சத்தம் காதில் விழுந்துவிட்டால் அதன் மேல் நிற்கக் கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழியும்வரை பாறைக்கும் போகக் கூடாது, தனி மரத்தடிக்கும் போகக் கூடாது. மின்னலுக்கென்று புனே வெப்பமண்டல வானிலை நிறுவனத்தின் 'தாமினி' செயலி இருக்கிறது. கைப்பேசிக்கு டவர் இருக்கும் இடம்வரை உதவும்.

தேதியை மாற்ற முடியாது, ஆறு பேருக்கும் அந்த ஒரு சனிக்கிழமைதான் விடுப்பு என்றால் சரிவை மாற்றலாம். தமிழ்நாட்டு மலைகளுக்கு இரண்டு பருவமழை. நம் மலையேற்றக்காரர்கள் பலர் "மழை சீசன்" என்று ஒன்றையே நினைத்துக்கொள்கிறார்கள். நீலகிரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அது தென்மேற்குப் பருவமழை, மலையின் மேற்குப் பக்கம். 2009 நவம்பரில் அழிவு நடந்தது மறுபக்கம், குன்னூர், கேத்தி, கோத்தகிரிப் பகுதிகளில். மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒரே மாவட்டம், இரண்டு மாதம், இரண்டு முகம். எனவே வடகிழக்குப் பருவமழையில் கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரின் கிழக்குச் சரிவுகளான தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம், சிறுமலை, கொல்லிமலை, கோத்தகிரி எல்லாம் நனைகிற பட்டியல். நடுவட்டம், கூடலூர் பக்கம் அப்போது ஒப்பீட்டளவில் சாந்தமாக இருக்கும். ஜூன்–செப்டம்பரில் கணக்கு தலைகீழ். புயலோ தாழ்வு மண்டலமோ வந்தால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது, இரண்டு பக்கமும் நனையும். மதுரையிலிருந்து கூடலூர் ஒரு சனிக்கிழமைக்குத் தூரம் என்பதும் உண்மைதான்.

தூரம் வேண்டாம் என்றால் அரிட்டாபட்டி. மேலூர்ப் பக்கம், உங்களுக்கு ஒரு மணி நேரத்துக்குள். 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். குடைவரைக் கோயில், தமிழ்பிராமிக் கல்வெட்டு, சமணர் படுகை எல்லாம் உண்டு. மழை பெய்து கண்மாய் நிறைந்திருக்கும்போதுதான் அந்த ஊர் அழகு. ஈரப்பாறையில் ஏறாமல் கண்மாய்க்கரையைச் சுற்றி நடந்தாலே அரை நாள் நன்றாகப் போகும். இதைச் சொன்னால் "மலையேற்றம்னு சொல்லிட்டு கண்மாய்க்கரையா" என்று ஒருவர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

யார் எப்போது முடிவெடுப்பது என்பதை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். வட்டக்கானல் டீக்கடையில் நின்றுகொண்டு வாக்கெடுப்பு நடத்தினால் எப்போதும் "போயிடலாம்" தான் ஜெயிக்கும். அவ்வளவு தூரம் வந்தாயிற்றே. நான் சொல்கிற வரிசை: வியாழன் இரவு, மழை எந்த வகை என்று பார்த்து, புயல், தாழ்வு மண்டலம், சிவப்பு இவற்றில் எதுவானாலும் ரத்து. வெள்ளி இரவு, அன்று பகலில் மலையில் எவ்வளவு பெய்தது என்று வழிகாட்டியிடமோ வெள்ளகவிக்காரர்களிடமோ கேட்பது. இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். இரண்டு மூன்று நாளாக ஊறிய மண்ணில் சனிக்கிழமை விழும் சிறு மழைகூடச் சரிவைக் கிளப்பும். காய்ந்த மண்ணில் அதே மழை ஒன்றும் செய்யாது. சனி காலை ஆறு மணிக்கு மூன்று மணி நேர முன்னறிவிப்பு. கிளம்பினால் ஏழுக்குள் நடக்கத் தொடங்கி, எங்கே இருந்தாலும் பதினொன்றரைக்குத் திரும்புவது. வெள்ளகவி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்புவதுதான். ஆறு பேரில் ஒருவர் வேண்டாம் என்றாலும் திரும்புவது. காரணம் கேட்டு அவரை வாதத்துக்கு இழுக்காதீர்கள்.

இதெல்லாம் வனத்துறை அனுமதி இருக்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்வது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேற்றம் போன இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, அனுமதியில்லாமல் காட்டுக்குள் போகிற பழக்கத்தைக் கட்டுப்படுத்த விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 தடங்களோடு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியது. வட்டக்கானல்–வெள்ளகவியும் அதில் ஒன்று. வழிகாட்டி கூடவே வருவார். கனமழை எச்சரிக்கை வந்தால் தடத்தை அவர்களே மூடிவிடுவதும் உண்டு, அப்போது உங்கள் விவாதம் தானாக முடிந்துவிடும். மூடிய தடத்தில் "எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் கூட்டிட்டுப் போவான்" என்று யாராவது சொன்னால் அவரோடு போகாதீர்கள். மழை நாளில் கால் முறிந்தால் உங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறப்போவதும் வெள்ளகவி ஊர்க்காரர்கள்தான்.

நடந்துகொண்டிருக்கும்போது ஓடையைப் படிப்பது முக்கியம். தெளிந்த தண்ணீர் டீ நிறத்துக்கு மாறினால், சருகும் சுள்ளியும் கூட்டமாக வந்தால், சத்தம் கனத்தால், மேலே எங்கோ பெய்துவிட்டது. உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாக இருந்தாலும் சரி. முழங்காலுக்கு மேல் இழுக்கிற தண்ணீரில் இறங்காதீர்கள். கயிறு கட்டிக் கடக்கலாம் என்பார்கள். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு விழுந்தவரைத் தண்ணீர் அதே கயிற்றில் அமுக்கிப் பிடிக்கும். பயிற்சி இல்லாமல் அதைச் செய்யக் கூடாது. கடந்தே ஆக வேண்டிய சிறு ஓடையில் பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டு, ஷூவோடு, கம்பு ஊன்றி, பாறை மேல் தாவாமல் அடித்தளத்தில் கால் வைத்துக் கடங்கள். மற்றபடி காத்திருங்கள். இப்படிச் சின்ன மலை ஓடைகள் சட்டென்று ஏறுவது போலவே மழை விட்ட ஓரிரு மணி நேரத்தில் இறங்கவும் செய்யும். விதிவிலக்கு ஒன்று: மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஓடை திடீரென்று வற்றினால் சந்தோஷப்படாதீர்கள். மேலே மண் சரிந்து தண்ணீரை மறித்திருக்கலாம். அது உடைத்துக்கொண்டு வரும் முன் ஓடைப்பள்ளத்தை விட்டு மேட்டுக்கு ஏறிவிடுங்கள்.

குளிரைத் தமிழ்நாட்டுக்காரர்கள் மதிப்பதில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று டிகிரியில் யாரும் செத்துப்போக மாட்டார்கள் என்று நினைப்பு. நனைந்த ஜீன்ஸ், நனைந்த பருத்திச் சட்டை, கூடவே காற்று என்றால் அந்த டிகிரியே போதும். ஒருவர் நடுங்குகிறார், பேச்சு குழறுகிறது, சமதளத்திலேயே தடுமாறுகிறார் என்றால் "சும்மா குளிருதுடா" என்று நடக்கவிடாதீர்கள். நிறுத்தி, ஈரத்தைக் கழற்றி, காய்ந்ததைப் போட்டு, இனிப்பாக ஏதாவது கொடுங்கள். அதற்காகவே ஒரு செட் துணியை இரட்டைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்திருக்க வேண்டும். பையின் மேலுறையை நம்ப வேண்டாம், முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கிவிடும். அட்டைக்கு உப்பு, புகையிலைத் தண்ணீரில் நனைத்த துணி எது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். அது எரிச்சல், ஆபத்தில்லை.

சாலையை மறந்துவிடாதீர்கள். நீங்கள் போட்ட திட்டத்தில் வண்டி கும்பக்கரையில் நிற்க வேண்டும். வெள்ளகவியிலிருந்து திரும்புவதாக மாற்றினால் வண்டி வட்டக்கானலிலேயே நிற்கும், ஓட்டுநருக்கும் ஒரு சுற்று மிச்சம். ஏறும்போது பெரியகுளம்–அடுக்கம் சாலையைக் குறுக்குவழி என்று பிடிக்காதீர்கள். மழையில் அடிக்கடி மண் சரிந்து மூடப்படுகிற சாலை அது. வத்தலக்குண்டு சாலையிலேயே போய் வாருங்கள். வெளியூர் வண்டிக்கு 2024 மே முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வேண்டும். தேதியை மாற்றினால் பாஸையும் மாற்ற வேண்டும்.

தள்ளிப்போடுவதென்றால் டிசம்பர் வேண்டாம், அதுவும் மழைக்கணக்கில்தான் இருக்கிறது. பொங்கலுக்குப் பிறகு பிப்ரவரி முதல் வாரங்கள் வரை வானம் தெளிவாக இருக்கும், ஓடையில் தண்ணீரும் இருக்கும், காலையில் டால்பின் நோஸிலிருந்து கீழே பெரியகுளம் பள்ளத்தாக்கு வரை தெரியும். பிப்ரவரி நடுவில் காட்டுத்தீக் காலம் என்று தடங்களை மூடத் தொடங்குவார்கள், அதனால் ரொம்பவும் தள்ளாதீர்கள். கும்பக்கரை வரை இறங்குகிற ஆசையை, அதற்கும் அனுமதி கிடைத்தால், அந்தச் சில வாரங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளகவியில் மதியச் சாப்பாட்டுக்குச் சொல்லி வைத்திருந்தால், வரவில்லை என்பதை வெள்ளி இரவே வழிகாட்டி மூலம் தெரிவித்துவிடுங்கள். அங்கே ஒவ்வொரு கிலோ அரிசியும் தலைச்சுமையாகப் போவது. கொடுத்த முன்பணத்தைத் திரும்பக் கேட்காதீர்கள்.